நல்லமிளகும் தாய்மிளகும்

தாய்லாந்துக்காரர்கள் மசாலா சாமான்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'க்ருவங் தேட்'. க்ருவங் என்றால் சாமான். தேட் வேறொன்றும் இல்லை, நம்ம 'தேசம்'தான். சம்ஸ்கிருதத்திலிருந்து அங்கே போன சொல். எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ'வைப் போட்டுவிட்டு, வாசிக்கும்போது 'ட்' என்று முடித்துக்கொள்வார்கள். ஆனால் அர்த்தம் கொஞ்சம் திரும்பிவிட்டது. ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் 'தேட்' வந்தால் அது அயல்தேசத்துச் சரக்கு. தக்காளி அங்கே 'மகுவ தேட்', அதாவது அயல்தேசத்துக் கத்தரிக்காய். சர்க்கரைவள்ளி 'மன் தேட்', அயல்தேசத்துக் கிழங்கு. சீமைக் கத்தரிக்காய், சீமையெண்ணெய், சீமையோடு என்று நாம் 'சீமை'யை ஒட்டுகிறோமே, அதே கதைதான். ஆக, மல்லி சீரகம் பட்டை கிராம்பு எல்லாம் அடைத்து வைத்திருக்கும் அஞ்சறைப் பெட்டிக்கே அவர்கள் ஊரில் பெயர் 'சீமைச் சாமான்'.

இதைப் போய் இவ்வளவு விஸ்தாரமாக எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் ஒரு ஃபார்வேர்டு. குவாஹாட்டியில் நாங்கள் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பேங்க், ரயில்வே, ரிஃபைனரி என்று ஆளுக்கொரு வேலை, எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸாப் குழு. அதில் போன மாதம் ஒரு செய்தி சுற்றியது. தாய்லாந்து மசாலா தமிழனின் மசாலாவாம், சோழன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்தானாம். வழக்கம்போல வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். இங்கேயே பள்ளிக்கூடம் படித்து வளர்ந்த என் மகள் அதைப் படித்துவிட்டு, "அப்படின்னா நம்ம சாம்பார்ல போடற மிளகாய் யாரோடதுப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் 'நம்முடையது' என்று எதையெதையோ சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அவர்கள் ஒருநாள் கணக்குக் கேட்கும்போது கையில் வவுச்சர் இருக்க வேண்டும் இல்லையா? நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் பேரேடு பார்த்த பழக்கம், எந்தப் பதிவையும் ஆதாரம் கேட்காமல் விடாது.

முதலில் நம் பக்கத்து வவுச்சர்கள். இருக்கிறது, இல்லாமல் இல்லை. தெற்குத் தாய்லாந்தில் கிராபி மாகாணத்தில் க்லோங் தோம் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த ஒரு சின்ன உரைகல்லில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பத்தன் என்றால் பொன் வேலை செய்கிறவர். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். யாரோ ஒரு தமிழ்த் தட்டார் தன் உரைகல்லில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். (நாம் ஆபீஸ் கால்குலேட்டருக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பதுபோல!) அடுத்தது அதே மேற்குக் கரையில் தகுவா பா. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டியதையும், அதன் பாதுகாப்பில் மணிக்கிராமத்தாருக்குப் பங்கு இருந்ததையும் அது சொல்கிறது. மணிக்கிராமம் என்பது நம் வணிகர் கூட்டமைப்பு. குளம் வெட்டுகிற அளவுக்குத் தங்கியிருக்கிறார்கள் என்றால் வந்து போகிற வியாபாரம் மட்டும் இல்லை. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை அடித்த ஊர்களின் பட்டியலில் வரும் தலைத்தக்கோலமும் இந்தப் பக்கம்தான் என்பது பெரும்பாலானோர் கருத்து.

சரி, இந்த மூன்றிலும் மசாலா எங்கே இருக்கிறது? உரைகல் தங்கத்தைப் பற்றியது, கல்வெட்டு குளத்தைப் பற்றியது, மெய்க்கீர்த்தி போரைப் பற்றியது. சமையலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஃபார்வேர்டு எழுதிய புண்ணியவான் இந்த மூன்றையும் கூட்டி, விடையாக நாலாவது ஒன்றை எழுதிவிட்டார்.

அதைவிட முக்கியமான விஷயம், சரக்கு எந்தத் திசையில் போயிற்று என்பது. தக்கோலம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஊர்ப்பெயர் மட்டும் இல்லை, ஒரு வாசனைப் பொருளின் பெயரும்கூட. நம் பழைய நூல்களும் உரைகளும் வெற்றிலையோடு சேர்க்கும் ஐந்து வாசனைப் பொருள்களைச் சொல்லும்போது தக்கோலம், இலவங்கம், ஜாதிக்காய், கர்ப்பூரம் என்று அடுக்குகின்றன. இலவங்கம், அதாவது கிராம்பு, விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். ஜாதிக்காய் அதற்குத் தெற்கே பாண்டாத் தீவுகளில். கர்ப்பூரம் சுமத்ரா, போர்னியோக் காடுகளில். ஆக, மிளகு ஒன்றை விட்டுவிட்டால், நம் வணிகர்கள் கிழக்கே போனது மசாலா விற்பதற்கு என்பதைவிட வாங்குவதற்கு என்பதே பொருந்தும். அவர்கள் விற்றது? துணி! சோழமண்டலக் கரையில் சாயம் தோய்த்து, பூவேலை எழுதிய பருத்தித் துணி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சயாம் அரண்மனை விரும்பிய மாதிரிப்படியே இந்தக் கரையில் நெய்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் துணிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பெருமைப்பட்டே ஆகவேண்டும் என்றால் துணியைப் பற்றிப் படலாம். ஆதாரம் கையில் இருக்கிறது. ஏனோ அதை யாரும் ஃபார்வேர்டு பண்ணுவதில்லை.

இப்போது தாய் சமையலறைக்குள் போவோம். அங்கே அடிப்படை நம்மைப்போல வறுத்த பொடி கிடையாது. உரலில் இடித்த பச்சை விழுது. எலுமிச்சைப்புல், 'கா' என்கிற ஒரு கிழங்கு, பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி வேர், ஒரு வகை முரட்டு எலுமிச்சையின் தோல், கூனியிறால் ஊறவைத்த 'கபி'. இந்தக் 'கா' என்னவென்று தேடினால் நம்ம பேரரத்தை! நாட்டுமருந்துக் கடையில் சித்தரத்தைக்குப் பக்கத்து டப்பாவில் இருக்குமே, அதே. நாம் இருமலுக்குக் கஷாயம் போட மட்டும் வாங்குவதை அவர்கள் தினமும் குழம்பில் போட்டு இடிக்கிறார்கள்.

1687இல் பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயியின் தூதராக அயுத்தயாவுக்கு வந்த சிமோன் த லா லூபேர், ஊர் திரும்பி எழுதிய புத்தகத்தில் சயாம் மக்களின் சாப்பாட்டைச் சொல்கிறார். சோறு, கருவாடு, தொட்டுக்கொள்ள எளிமையான சாறு; அதில் தண்ணீர், கொஞ்சம் வாசனைச் சாமான், பூண்டு, சின்ன வெங்காயம். கபியைப் பற்றியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். பெரிய அரசு, பணக்காரத் துறைமுகம், ஆனால் ஜனங்கள் தட்டில் மசாலா ஆர்ப்பாட்டம் இல்லை. வறுத்த காய்ந்த மசாலா என்பது அந்த அடித்தளத்தின் மேல், துறைமுகத்திலிருந்து வந்து உட்கார்ந்த மாடி. அதனால்தான் பெயரே சீமைச் சாமான்.

அந்த மாடியில் முதலில் குடிவந்து, கடைசியில் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டவர் மிளகாயார். தென்னமெரிக்கா, மெக்சிகோப் பக்கத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் கிளம்பிப் போனதற்கு முன்னால் ஆசியாவில் யாரும் அதைக் கண்டதில்லை. கரிகாலனும் ராஜராஜனும் மிளகாய் சாப்பிட்டதில்லை என்றால் பல பேர் சண்டைக்கு வருகிறார்கள், ஆனால் அதுதான் உண்மை. போர்த்துக்கீசியர்கள் 1510இல் கோவாவைப் பிடித்தார்கள், 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே 1511இல் அல்புகெர்க் தன் தூதரை அயுத்தயாவுக்கு அனுப்பினார். அந்த நூற்றாண்டில் அவர்கள் வழியாகத்தான் மிளகாய் நமக்கும் வந்தது, சயாமுக்கும் போனது. நமக்கும் தாய்லாந்துக்கும் ஏறக்குறைய ஒரே பேட்ச்.

வந்த புதுச்சரக்குக்கு என்ன பெயர் வைப்பது? ஊர் ஊராக நடந்தது எல்லாம் ஒரே மாதிரி என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். காரம் என்றால் அதுவரை மிளகு. அதனால் மிளகின் பெயரைத் தூக்கிப் புதியவருக்கு வைத்துவிட்டார்கள். தமிழில் மிளகு+காய், மிளகாய். கன்னடத்தில் மெணசு மிளகு, மெணசினகாயி மிளகாய். இதெல்லாம் கொஞ்சம் மரியாதையான ஏற்பாடு. பழையவர் பெயர் பழையவருக்கே இருக்கிறது, புதியவர் வால் ஒன்றை ஒட்டிக்கொண்டார். ஹிந்தியில் அந்த மரியாதை இல்லை. 'மிர்ச்' என்பது மரிசம், அசல் மிளகின் பெயர். இன்று வெறும் 'மிர்ச்' என்றால் மிளகாய்தான். சொந்தக்காரரான மிளகு 'காலி மிர்ச்' என்று கறுப்பு நிறத்தைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலையாளத்திலும் முளகு என்றால் மிளகாய். மிளகு, குருமுளகு ஆகிவிட்டது.

எங்கள் நாஞ்சில் நாட்டிலும் அப்படித்தான். வத்தமொளவு என்றால் வற்றல் மிளகாய். மிளகுக்கு நல்லமொளவு. கல்யாணமான புதிதில் அம்மா அடுக்களையிலிருந்து "நாலு மொளவு எடுத்துட்டு வாம்மா" என்று சொல்ல, கும்பகோணத்துத் தங்கமணி பயபக்தியோடு நாலே நாலு மிளகை எண்ணி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் நின்றார். அன்றைக்குத் தீயல் கொஞ்சம் தாமதமாயிற்று :-)

தாய் மொழியிலும் கதை ஹிந்தி மாதிரிதான். 'ப்ரிக்' என்பது மிளகின் பெயராக இருந்தது. மிளகாய் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது ப்ரிக் என்றால் மிளகாய். மிளகுக்கு? 'ப்ரிக் தாய்'. தாய்லாந்தின் ப்ரிக், உள்ளூர்க்காரன் என்று பாஸ்போர்ட் காட்டுகிற பெயர். வந்தவனுக்கு அடைமொழி இல்லை, இருந்தவன் தேசியத்தைச் சேர்த்து எழுத வேண்டும். வேறு மாநிலத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போனால் நம்மிடம் ஆதார் கார்டு கேட்பார்களே, அந்த மாதிரி.

தெற்குத் தாய்லாந்து வட்டார வழக்கில் இன்னொரு வேடிக்கை. அங்கே மிளகாய்க்கு 'தீப்லீ' என்று பெயர். சொல்லிப் பாருங்கள். ஆமாம், நம்ம திப்பிலி! மத்திய தாய் மொழியில் தீப்லீ இன்றும் திப்பிலிதான். தெற்கே மட்டும் அந்தப் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டது. மலாய் மொழியிலும் 'சபாய்' முதலில் ஒரு வகைத் திப்பிலியாக இருந்து பிறகு மிளகாயானது. இங்கே அசாமில் மிளகுக்கு ஜாலுக், மிளகாய்க்கு ஜொலோகியா. பூத் ஜொலோகியா என்று உலகமே பயப்படுகிற மிளகாயின் பெயருக்குள்ளும் ஒரு மிளகு உட்கார்ந்திருக்கிறது. வங்காளிகள் மட்டும் 'லங்கா' என்று கடல் தாண்டி வந்ததைப் பெயரிலேயே ஒத்துக்கொள்கிறார்கள்.

அதனால் மகளின் கேள்விக்கு என் பதில்: மிளகாய் ஐநூறு வருடமாக நம்முடையது. அதற்கு முன்னால் நம்முடையது இல்லை. தாய்லாந்துக்கும் அதே.

மிளகாயை விட்டு மற்ற காய்ந்த சாமான்களுக்கு வருவோம். அங்கே கதாநாயகன் 'மஸ்ஸமான்' குழம்பு. தாய்க் குழம்புகளிலேயே நம் நாக்குக்கு உடனே பிடிபடுவது இதுதான். மல்லி, சீரகம், ஏலம், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சேர்ப்பார்கள். பெயர் 'முஸல்மான்' என்பதிலிருந்து வந்தது என்பது பெரும்பான்மைக் கருத்து. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கோம் நகரத்திலிருந்து ஷேக் அகமது என்ற வணிகர் அயுத்தயா வந்து, அரசருக்கு வேண்டியவராகி, துறைமுக இலாகாவின் 'வலது' பிரிவுக்குத் தலைவரானார். அயுத்தயாவில் துறைமுக இலாகா இரண்டு பிரிவாக இருந்தது. சீனக் கப்பல்களைப் பார்ப்பது இடது. இந்தியா, பாரசீகம் போன்ற மேற்குத் திசைக் கப்பல்களைப் பார்ப்பது வலது. (ஃபாரெக்ஸ் டிபார்ட்மெண்டில் டெஸ்க் பிரித்த மாதிரி.) அவர் வம்சம்தான் பிற்காலத்தில் சயாம் அரசியலில் கொடிகட்டிப் பறந்த புன்னாக் குடும்பம். மஸ்ஸமான் அவர்கள் காலத்து அரண்மனைச் சமையலில் பிறந்தது என்று ஒரு கட்சி. இல்லை, அது மலாய்த் தொடர்புள்ள தெற்குத் தாய்லாந்து உணவு, புளிப்பைக் குறிக்கும் 'மசாம்' என்ற மலாய்ச் சொல்தான் மஸ்ஸமான் ஆனது என்று இன்னொரு கட்சி. எங்கள் பாஷையில் சொன்னால் இது சஸ்பென்ஸ் கணக்கு. இரண்டு பக்கமும் டேலி ஆகும்வரை அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் பாரசீக வாசனை அரண்மனைக்குள் இருந்ததற்கு நேரடி சாட்சி உண்டு. 1685இல் பாரசீக மன்னர் ஷா சுலைமான் சயாமின் நாராய் மன்னரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் வந்த எழுத்தர் எழுதிய நூல் 'சுலைமானின் கப்பல்'. மன்னருக்குப் பாரசீகச் சாப்பாடு பழகியிருந்ததையும், அதற்காக இந்தியாவிலிருந்து சமையல்காரர் வரவழைக்கப்பட்டதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். பாரசீகச் சாப்பாடு, இந்தியக் கை, சயாம் நாக்கு.

அந்தச் சமையல்காரரும் சாமானும் வந்திருக்கக்கூடிய பாதையும் தெரிந்ததே. கிழக்குக் கரையில் மசூலிப்பட்டினம், அப்போது கோல்கொண்டாவின் துறைமுகம், பாரசீக வணிகர்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து வங்கக் கடலைக் குறுக்கே தாண்டினால் மெர்குயி, இன்றைய மியான்மரின் மியேக். அன்றைக்கு அது சயாம் வசம் இருந்தது. மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் அங்கே இறங்கி, ஆற்றிலும் காட்டுப்பாதையிலுமாக மலையைக் கடந்து மறுபுறக் கடற்கரையைப் பிடித்து அயுத்தயா போவார்கள். பாரசீகத் தூதர்களே அப்படித்தான் போனார்கள். ஈரப்பதமான அந்தப் பாதையில் பச்சை விழுது தாங்குமா? காய்ந்த சீரகமும் மல்லியும் தாங்கும். 1767இல் பர்மியர்கள் அயுத்தயாவை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். தலைநகர் பாங்காக் பக்கம் வந்தது. ஆனால் சமையல் பிழைத்துக்கொண்டது. பிற்பாடு இரண்டாம் ராமர் என்று 1809இல் அரசரான இளவரசர், அதற்கு முன்பே உணவுகளை வரிசையாகப் புகழ்ந்து ஒரு படகுப்பாட்டு எழுதினார். அதில் முதலில் வருவது மஸ்ஸமான், அதுவும் சீரக வாசனையோடு.

அந்தச் சீரகத்தின் தாய்ப்பெயர் 'யீரா'. நம்ம சீரகம், ஜீரகம், ஜீராவின் உறவு. இப்படி டப்பா டப்பாவாகப் பெயரைப் பார்த்தாலே யார் எந்த வழியில் வந்தார் என்று தெரிகிறது. அன்னாசிப்பூ 'போய்-கக்', சீன வட்டாரமொழியில் 'எட்டு மூலை', சீன வணிகர்களின் கொடை. ஜாதிக்காய் மரம் 'ஜன் தேட்', அதாவது சீமைச் சந்தனம். ஏலக்காய் 'க்ரவான்', இது மட்டும் உள்ளூர். வெள்ளையாக உருண்டையாக இருக்கும், கம்போடியாவை ஒட்டிய மலைக்காடுகளில் விளைவது. நம் ஏலக்காய் அளவுக்குத் தித்திப்பு கிடையாது. அந்த வாசனைக்குக் கொஞ்சம் கர்ப்பூரச் சாயல்.

இன்னொரு கணக்கும் போடலாம். மல்லி, சீரகம் இரண்டின் பூர்விகமும் மத்தியதரைக் கடல், மேற்காசியப் பக்கம். கிராம்பும் ஜாதிக்காயும் கிழக்குத் தீவுகள். மிளகாய் அமெரிக்கா. நம் சாம்பார் பொடியிலும் அசலாக நம் மண்ணுக்கே உரியது என்று எடுத்தால் மிளகும் மஞ்சளும் துவரையும் இன்னும் ஓரிரண்டும்தான் மிஞ்சும். தாய்க்காரர்கள் பெயரிலேயே 'சீமை' என்று எழுதிவிட்டார்கள், நாம் எழுதவில்லை.

வடக்கே சியாங் மாய் பக்கம் போனால் வேறு பாதை, வேறு மசாலா. அது கடல் வழி இல்லை, யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகள் வந்த மலைவழி. அங்கே கொத்துக்கறியில் செய்யும் 'லாப்' என்கிற உணவுக்கென்றே 'ப்ரிக் லாப்' என்று ஒரு காய்ந்த பொடி. சுட்ட மிளகாய், திப்பிலி, மல்லி, அன்னாசிப்பூ, இவற்றோடு 'மக்வேன்' என்கிற ஒரு காட்டுக்காய். நாக்கில் வைத்தால் சுருசுருவென்று மரத்துப்போகும். கொங்கணியர் மீன் குழம்பில் போடும் திர்பல் தெரியுமா? அதே மரம். அசாமில் அதை மெஜெங்கா என்கிறார்கள். அசாமை 1228இலிருந்து ஏறக்குறைய அறுநூறு வருடம் ஆண்ட அஹோம்களும் தாய் இனத்தவர்தான், பட்காய் மலையைத் தாண்டி வந்தவர்கள். அதற்காக மெஜெங்காவை அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று நான் ஒரு ஃபார்வேர்டு கிளப்ப மாட்டேன், ஹி ஹி. அந்த மரம் இரண்டு ஊர்க் காட்டிலும் தானாக வளர்கிறது.

கடைசியாக வந்தது நம் பெயர். தாய்க்கடைகளில் 'பொங் கரீ' என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி விற்கும். பொங் என்றால் பொடி. கரீ என்பது நம்ம கறி. ஆனால் அது நம்மிடமிருந்து நேரே போகவில்லை. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் ஏற்றிக்கொண்டு போனதாக அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்வது இந்தக் கறியைத்தான். பிறகு அது தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்கும் இறைச்சிக்கும் பெயராயிற்று. போர்த்துக்கீசியர் 'கரில்' என்றார்கள், ஆங்கிலேயர் 'கர்ரி' என்றார்கள். 1784இல் லண்டன் பத்திரிகையில் கர்ரி பவுடர் விளம்பரமே வந்துவிட்டது. நம் வீடுகளில் ஒவ்வொரு குழம்புக்கும் ஒவ்வொரு பொடி. வெள்ளைக்காரருக்கு அத்தனை பொறுமை ஏது? எல்லாவற்றுக்கும் ஒரே பொடி, தூக்கலாக மஞ்சள். அந்த டப்பாப் பொடியும் அதன் பெயரும் 19ஆம் நூற்றாண்டில் ஆசியத் துறைமுகங்கள் எங்கும் பரவியபோது சயாமுக்கும் போய்ச்சேர்ந்தன. 'கேங் கரீ' என்கிற மஞ்சள் குழம்பும், நண்டைப் பொங் கரீயில் புரட்டும் 'பூ பட் பொங் கரீ'யும் அந்த வழியில் பிறந்தவை. மிளகுக்கு நாம் வைத்த பெயர், மிளகு பேருக்கு மட்டும் இருக்கிற ஒரு மஞ்சள் பொடியின் பெயராகப் பாங்காக்கில் விற்கிறது. தமிழ்த் தொடர்பு வேண்டும் என்றால் இதுதான் தொடர்பு. கொஞ்சம் கோணல்மாணலானது, ஆனால் நிஜமானது.

அதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழர்கள் பாங்காக்கின் சீலோம் பகுதியில் மாரியம்மன் கோயில் கட்டினார்கள். தாய்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி. இந்தியர், மலாய்க்காரர், அரபு தேசத்தார் எல்லோருக்கும் அங்கே பொதுப்பெயர் அதுதான். ஆக, நம் அம்மன் கோயிலுக்கு அங்கே பெயர் விருந்தாளிகள் கோயில்.

இனி பொடி. இவ்வளவு படித்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. மஸ்ஸமான் பாணியில், இந்தியாவில் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிற சாமானை வைத்து எங்கள் வீட்டில் செய்வது இது. விதை தட்டிய காய்ந்த மிளகாய் 10, காரம் குறைந்த சிவப்பு ரகம் நல்லது. மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, வெள்ளை மிளகு 1 தேக்கரண்டி, கிராம்பு 5, ஏலக்காய் 6, இரண்டு அங்குலப் பட்டை, ஜாதிபத்திரி ஓர் இதழ், அன்னாசிப்பூ ஒன்று, ஜாதிக்காய் கால் துண்டு. இதோடு நாட்டுமருந்துக் கடைப் பேரரத்தைப் பொடி அரைத் தேக்கரண்டி, நிழலில் உலர்த்திய எலுமிச்சைப்புல் 1 மேசைக்கரண்டி. பேரரத்தை கிடைக்காத ஊரில் சுக்கு போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வாசனை வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுவதே மேல்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில், முதலில் மல்லி, பாதி நிறம் மாறும்போது எடுத்துவிட்டுச் சீரகம், பிறகு பட்டை கிராம்பு வகையறா, கடைசியில் மிளகாய். சீரகம் கருகினால் மொத்தமும் கசக்கும். ஜாதிக்காயையும் பேரரத்தைப் பொடியையும் எலுமிச்சைப்புல்லையும் வறுக்கவே வேண்டாம், மற்றவை ஆறிய பிறகு சேர்த்து மிக்ஸியில் பொடிக்கலாம். ஜாதிக்காயை மட்டும் துருவிச் சேர்க்கவும், முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு அழும். எலுமிச்சைப்புல்லின் நார் எப்படியும் கொஞ்சம் நிற்கும், சலித்துவிடுங்கள்.

இந்தப் பொடி தனியாகக் குழம்பாகாது. சின்ன வெங்காயம் எட்டையும் பூண்டு ஆறு பல்லையும் தோலோடு சுட்டு உரித்து, இரண்டு மேசைக்கரண்டிப் பொடியோடு விழுதாக அரைக்க வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதில் இந்த விழுதை வதக்கி, பிறகு கோழியோ உருளைக்கிழங்கோ போட்டு இரண்டாம் பால் ஊற்றவும். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, புளி கொஞ்சம், பனைவெல்லம் அதைவிடக் கொஞ்சம். சைவக்காரர்கள் மீன் சாஸுக்குப் பதில் உப்போடு நிறுத்திக்கொள்ளலாம். கபி இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

பொடி கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மாதம் வாசனையோடு இருக்கும். இந்தப் பக்கத்து ஈரக்காற்றில், மே மாதத்துக்கு மேல் என்றால், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது உத்தமம்.